காலண்டர் படமும் அதன் அடிவரியும்

1894-ஆம் ஆண்டில் பம்பாயில் ஓவியர் ரவிவர்மா நிறுவிய அச்சகம், தெய்வ உருவங்களை ஏழை எளியவர் இல்லங்களுக்கும் கொண்டு சேர்த்தது. அந்த மரபு தமிழகத்தில் வேரூன்றித் தழைத்த இடம் கோவில்பட்டி. சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, ரமணாசிரமத்தில் சில காலம் வாசம் செய்து, பின்பு நாடகக் கம்பெனியாரோடு திரைச்சீலை தீட்டியவாறு ஊர் ஊராகச் சஞ்சரித்த சி. கொண்டையராஜு (1898–1976), கம்பெனி கலைந்ததும் அவ்வூரிலேயே தங்கி, டி.எஸ். சுப்பையா முதலிய சீடர்களுடன் வரைந்த முருகனும் மீனாட்சியும் சரஸ்வதியுமே இன்றும் நம் மனக்கண்ணில் தோன்றும் தெய்வ ரூபங்கள் என்றால் அது மிகையன்று. மேடைத் திரையில் பழகிய கரமாதலால், அவருடைய சித்திரங்களில் மண்டபத்தூணும் மலைச்சரிவும் பின்னே விரிய, தெய்வம் நம்மை நேர்நோக்கி நிற்கிறது.

தீப்பெட்டி லேபிள்களுக்காகத் தோன்றிய சிவகாசி அச்சுத்தொழில் அப்படங்களைக் காலண்டர்களாக ஆயிரக்கணக்கில் அச்சிட்டது. ஒரே முருகன் படம், அடியிலுள்ள பட்டையில் ஓரிடத்தில் ஜவுளிக்கடையின் பெயரும் மற்றோரிடத்தில் நகைக்கடையின் பெயரும் தாங்கி, தமிழகமெங்கும் பிரயாணம் செய்தது. ஆண்டு முடிந்து தேதித்தாள்கள் தீர்ந்ததும், தர்மபுரி ஜில்லா இண்டூர் போன்ற ஊர்களிலும் நம் பாட்டிமார் அந்தப் பட்டையைக் கத்தரித்துவிட்டுப் படத்தை மட்டும் கண்ணாடி போட்டுப் பூஜையில் வைத்தனர். பக்தியின் பார்வையில் அது முறையே. ஆனால் படம் எந்த ஊருக்கு, எந்த வருஷத்தில், எவர் அச்சகத்திலிருந்து வந்தது என்பதற்கிருந்த ஒரே சாட்சியும் அத்துடன் மறைந்துபோயிற்று.

அடிவரி நிலைத்திருந்தால் என்ன பயன் என்பதற்கு அயல்நாட்டு உதாரணம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் கிரேட் நார்தர்ன் ரயில்வே கம்பெனி, ஜெர்மனியில் பிறந்த வினோல்ட் ரைஸ் தீட்டிய பிளாக்ஃபீட் பழங்குடி மக்களின் உருவப்படங்களை 1928 முதல் 1958 வரை காலண்டர்களாக வெளியிட்டது. அவற்றை இன்று பலர் பெருவிருப்போடு சேகரிக்கிறார்கள். அம்மக்கள் 1895-ல் அரசாங்கத்திடம் இழந்த மலைநிலம் கிளேசியர் தேசியப் பூங்காவாகிவிட, அதற்குப் பிரயாணிகளை ஈர்க்கவே அவர்களுடைய முகங்கள் பயன்பட்டன என்பது வேதனைக்குரியது. எனினும் படத்தின் கீழே அதில் உள்ளவரின் பெயர் அச்சாகியிருந்தமையால், தம் முன்னோர் இன்னார் என்று அவர்களுடைய சந்ததியார் அடையாளம் காண முடிகிறது. அந்த ஒரு வரியின் மதிப்பு படத்தின் மதிப்புக்குக் குறைந்ததன்று என்பது என் துணிபு.

ஆகவே, இண்டூர் வாசகர்களுக்கும் ஏனையோர்க்கும் ஒரு விண்ணப்பம். பழைய வீட்டை இடிக்கும்போது பூஜையறைப் படங்களை எறிந்துவிடாதீர்கள். சட்டத்தின் பின்பலகையைப் பக்குவமாகக் கழற்றி, அடிப்பட்டை மடங்கிக் கிடக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், கத்தரிக்காமல் அப்படியே வையுங்கள். இல்லையேல், எந்தக் கடையார் கொடுத்த காலண்டர் என்று வீட்டுப் பெரியவர்களிடம் இன்றே கேட்டு, படத்தின் பின்புறம் பென்சிலால் எழுதி வையுங்கள்.