பால்மரமும் தச்சு மேசையும்



பால்மரத்தைப் பற்றி நமக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். விடியுமுன் எழுந்து, பிரட்டுக்குப் போய், நிரை பிடித்து, உளியால் பட்டையைச் சீவிப் பால் இறக்கியவர்கள் நம் பாட்டனும் பாட்டியும். ஆனால் அந்த மரத்தின் பாலைத்தான் நாம் அறிந்தோம். அதன் பலகையை அறியவில்லை. இன்று அந்தப் பலகையின் வரலாற்றைப் பார்ப்போம். அதனோடு, அந்தப் பலகையால் செய்யத்தக்க தச்சு மேசையின் வரலாற்றையும் பார்ப்போம்.

1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து ரப்பர் விதைகளை இலண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டு சென்றார். அங்கே முளைத்த கன்றுகளில் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றுள் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன. 1888இல் சிங்கப்பூர்ப் பூந்தோட்டப் பொறுப்பை ஏற்ற ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் நாள்தோறும் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டு பரப்பினார். அதன்பின் காடுகள் தோட்டங்களாயின. கப்பலேறி வந்த நம் முன்னோர் கையில் உளி ஏறியது.

பால்மரம் ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டுகள் வரை நன்றாகப் பால் தரும். பிறகு அதை வெட்டிவிட்டு மறுநடவு செய்வார்கள். வெட்டிய மரம் என்ன ஆயிற்று? ரப்பர்த் தகடுகளைப் பதப்படுத்தும் புகைக்கூடத்திற்கு விறகாயிற்று. செங்கல் சூளைக்குப் போயிற்று. மிஞ்சியது நின்ற இடத்திலேயே எரிந்து சாம்பலாயிற்று. “பலகைக்கு உதவாத மரம்” என்று எல்லாரும் சொன்னார்கள்.

அவர்கள் சொன்னதற்குக் காரணம் இருந்தது. பால்மரத்தின் கட்டையில் மாவுச்சத்தும் சர்க்கரைச் சத்தும் மிகுதி. மரம் சாய்ந்த ஓரிரு நாளிலேயே பூஞ்சை பற்றி நீலக்கறை படியும். பிறகு சிறு வண்டுகள் துளைத்து உள்ளே மாவாக்கிவிடும். ஆனால் குறை மரத்தில் இல்லை. அதைக் கையாளும் முறை தெரியாததில்தான் இருந்தது. அறுத்த பலகையை உடனே போராக்ஸ் கலந்த மருந்து நீரில் அழுத்தத்துடன் ஊறவைத்து, சூடேற்றும் அறையில் உலர்த்தினால் பூஞ்சையும் வண்டும் அண்டா. கெப்போங்கில் 1929இல் அமைந்த வன ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களில் நடந்த ஆய்வுகள் இந்த வழியைத் தொழிலுக்குக் காட்டின. 1980களில் பால்மரப் பலகை பெரும் ஏற்றுமதிப் பொருளாக வளர்ந்தது. ஜொகூரின் மூவார் நகரம் தளபாடங்களுக்குப் பெயர் பெற்றது. வெளிர் மஞ்சள் நிறமும் இழைக்க எளிதான குணமும் கொண்ட இந்தப் பலகை, இன்று பல நாடுகளில் நாற்காலியாகவும் மேசையாகவும் நிற்கிறது.

நாம் இருக்கும் ஸ்ரீ கெம்பாங்கானையே எடுத்துக்கொள்ளுங்கள். அவசரகாலம் நீடித்த 1948 முதல் 1960 வரையிலான ஆண்டுகளில் அமைந்த புதுக்கிராமங்களுள் ஒன்று செர்டாங் பாரு. அதுவே பின்னாளில் ஸ்ரீ கெம்பாங்கான் ஆயிற்று. பக்கத்திலே செர்டாங்கில் 1931இல் ஒரு வேளாண்மைப் பள்ளி தொடங்கிற்று. 1971இல் அது பல்கலைக்கழகமாக உயர்ந்தது. காட்டையும் மரத்தையும் பற்றிய படிப்பு அங்கே உண்டு. நம் முன்னோர் நாள்தோறும் தொட்ட மரம், இப்படி நம் வாசலருகிலேயே பாடப் பொருளாயிற்று. பாலுக்கு நமக்குக் கூலி வந்தது. பலகைக்கு என்ன வந்தது? இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு தச்சு மேசைக்கு வருவோம்.

நம் ஊர் ஆசாரிகள் பெரும்பாலும் தரையில் அமர்ந்து வேலை செய்தவர்கள். கட்டையைக் காலால் அழுத்திப் பிடித்து, உளியையும் இழைப்புளியையும் ஓட்டினார்கள். கோயில் தேரும் வீட்டுக் கதவும் அப்படித்தான் பிறந்தன. நின்றுகொண்டு நீண்ட பலகையை இழைப்பதானால், பலகையைப் பிடிக்க வேறொன்று வேண்டும். அதுதான் மேசை. ஜெர்மனியில் சால்பர்க் என்ற உரோமானியக் கோட்டையின் கிணறுகளில் தச்சு மேசைகள் கிடைத்துள்ளன. அவை 1,700 ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. பிரான்ஸ் நாட்டில் ரூபோ என்பவர் 1769 முதல் மரவேலை பற்றிப் பெரிய நூல் ஒன்றை வெளியிட்டார். அவர் தச்சர் வீட்டுப் பிள்ளை, தாமும் தச்சர். உளி பிடித்த கையே எழுதுகோலும் பிடித்தது. அவர் விளக்கிய தடித்த மேசையை உலகெங்கும் தச்சர்கள் இன்றும் செய்கிறார்கள்.

இந்நாட்டில் 1905ஆம் ஆண்டு வாக்கில் செந்தூலில் இரயில்வே மையப் பட்டறை எழுந்தது. இரயில் பெட்டிகளை மரத்தால் கட்டிய காலம் அது. செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் தமிழ்க் குடும்பங்கள் பெருகியதற்கு இரயில்வே வேலை ஒரு பெருங்காரணம். 1945இல் விமானக் குண்டுகள் அந்தப் பட்டறையைச் சிதைத்தன. போருக்குப் பின் அது மீண்டும் எழுந்தது. தரையில் அமர்ந்த தொழிலாளி மேசை முன் நின்று வேலை செய்யும் பழக்கம், இத்தகைய பட்டறைகள் வழியேயும் பரவியிருக்கலாம்.

எங்கள் பள்ளியிலும் பிள்ளைகளுக்காக ஒரு தச்சு மேசை செய்தோம். முதல் மேசையில் சிக்கனம் பார்த்தோம். கால்கள் மெலிந்தவை, ஆணி அடித்த மூட்டுகள். இழைப்புளியைத் தள்ளியதும் மேசையும் சேர்ந்து நகர்ந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள், நாங்களும் சிரித்துவிட்டோம். அப்போது உதவிக்கு வந்தார் ஒரு பெரியவர். நாற்பது ஆண்டுகள் பால்மரம் சீவியவர். இழைப்புளியைக் கையில் எடுத்து ஒரே சீராக ஓட்டினார். பூப்போல மெல்லிய சீவல் சுருண்டு விழுந்தது. எங்கே கற்றீர்கள் என்று வியப்போடு கேட்டோம்.

“பட்டைக்குள்ளே இருக்கிற மரத்தைத் தொடாம சீவணும் வாத்தியாரய்யா. தொட்டா மரத்துக்குக் காயம். அதைவிட இது சுளுவுதான்” என்றார்.

அவர் சொன்னது உண்மை. பால் இறக்கும்போது ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் பட்டையைத்தான் சீவ வேண்டும். ஆழம் குறைந்தால் பால் குறையும். கூடினால் மரம் புண்ணாகும். விடியாத இருளில் நூற்றுக்கணக்கான மரங்களில் இந்த அளவு தவறாமல் சீவிய கையை, “தொழில் தெரியாத கூலிக் கை” என்று எழுதி வைத்தார்கள். பால்மரத்தை உதவாத மரம் என்று சொன்ன அதே தவறுதான் இதுவும்.

இரண்டாம் மேசையை அவர் சொற்படி செய்தோம். மருந்திட்டு உலர்த்திய பால்மரச் சட்டங்களையே வாங்கினோம். பச்சை மரத்தைத் தொடவில்லை. சட்டங்களைப் பக்கவாட்டில் நிறுத்திப் பசையிட்டு இறுக்கி, மூன்று அங்குலத் தடிமனில் மேற்பலகை அமைத்தோம். நீளம் ஐந்து அடி, அகலம் இரண்டு அடி. கால்கள் நான்கு அங்குலச் சதுரம். குறுக்குக் கட்டையின் நுனியை நாக்குப்போல் செதுக்கி, காலில் துளையிட்டுச் செருகி, ஆப்பு வைத்து இறுக்கினோம். கையைத் தொங்கவிட்டு நின்றால் மணிக்கட்டு எங்கே வருமோ, அதுவே மேசையின் உயரம். முன் கால்கள் மேற்பலகையின் விளிம்போடு ஒரே நேராக இருக்க வேண்டும். அப்போதுதான் நீண்ட பலகையைக் காலோடு சேர்த்துப் பிடித்து அதன் ஓரத்தை இழைக்கலாம். இழைக்கும் பலகை ஓடாதிருக்க மேசையின் ஒரு கோடியில் தடைக்கட்டை ஒன்று போதும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: பால்மரம் மழைக்கும் ஈர மண்ணுக்கும் தாங்காது. மேசையைக் கூரையின் கீழே, சிமெண்டுத் தரையில் வையுங்கள்.

அந்த மேசை இன்றும் அசையாமல் நிற்கிறது.

நேயர்களே, பல தோட்டங்கள் செம்பனையாகவும் குடியிருப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. லயங்களை விட்டு வந்த குடும்பங்கள் பலவற்றில் பழைய உளி இன்னும் ஒரு மூலையில் இருக்கும். அதை எடுத்துப் பிள்ளைகளிடம் காட்டுங்கள். பாட்டி அதை எப்படித் தீட்டினார், எந்த அளவு சீவினார் என்று சொல்லுங்கள். படிப்பிலே பின்தங்கிய பிள்ளையை “எதற்கும் உதவாதவன்” என்று சொல்லிவிடாதீர்கள். தொழிற்கல்லூரிகளின் கதவுகள் திறந்திருக்கின்றன. ஒரு மரத்தை அப்படிச் சொல்லி, நூறு ஆண்டுகளாக விறகாக எரித்தோம். பிள்ளைகள் விஷயத்தில் அந்தத் தவறு வேண்டாம்.