அசலும் பெட்டியும்

திருவல்லிக்கேணியில் ஒரு மாடி அறையில் உயர்ந்த ரக ஒலிபெருக்கிகளைப் பாடவைத்துக் காட்டப்போகிறார்கள் என்று நண்பர் ஒருவர் வந்து அழைத்தார். விற்கிறவர்களே நடத்தும் காட்சி. வாங்கியே ஆகவேண்டும் என்ற கட்டாயமில்லை, காபி உண்டு என்றார். போனேன்.

அறையில் பன்னிரண்டு பேர் இருந்தோம். ஜன்னல்களுக்குக் கனத்த திரை. எதிரே ஆளுயரத்துக்கு இரண்டு மரப்பெட்டிகள், துவாரபாலகர் மாதிரி. விலையை நண்பர் காதோடு சொன்னார். என் நாவல்கள் எல்லாவற்றுக்கும் இதுவரை வந்த ராயல்டியைக் கூட்டினாலும் ஒரு பெட்டியில் பாதிக்குக் காணாது.

"கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள், ஸார். பாடகி உங்கள் எதிரிலேயே நிற்பாள்" என்றார் கடைக்காரர். நின்றாள் என்பதை நான் மறுக்கவில்லை. மூச்சை இழுப்பதும் உதடு பிரிவதும் கூடக் கேட்டன. ஆனால் அடுத்தடுத்து வந்த நாலு பாட்டும் ஒரே ஜாதி: ஒரு குரல், ஒரு கிடார், நடுவில் நிறைய நிசப்தம். பெண் பார்க்க வருகிற அன்று, நன்றாகப் பாடமான அந்த ஒரே கீர்த்தனையைத்தானே பெண்ணைப் பாடச் சொல்வார்கள்?

இந்த வித்தைக்கு வயது நூறுக்கு மேல். 1915-ஆம் ஆண்டு முதல் எடிஸன் கம்பெனியார் அமெரிக்காவில் ஊர் ஊராக இதைச் செய்தார்கள். மேடையில் பாடகி, பக்கத்தில் கிராமபோன். பாடிக்கொண்டே வந்த பாடகி திடீரென்று வாயை மூடிக்கொள்வாள். இசைத்தட்டு தொடர்ந்து பாடும். சில ஊர்களில் விளக்கையும் அணைத்துவிடுவார்கள். எது மனிதர், எது யந்திரம் என்று தெரியாமல் ஜனங்கள் அசந்துபோனார்கள். அந்தப் பாடகிகளில் ஒருவரான ஆன்னா கேஸ் வெகுகாலம் கழித்து ரகசியத்தைச் சொன்னார்: யந்திரத்தின் குரலுக்குத் தகுந்தபடி தம் குரலை அடக்கிக்கொண்டாராம்! நகல் அசலைப் போல இல்லாவிட்டால் என்ன, அசலை நகல் போல ஆக்கிவிட்டால் போயிற்று.

அதில் மின்சாரம் கிடையாது. காந்தத்தின் நடுவே கம்பிச்சுருள் ஆடி, காகிதக் கூம்பை முன்னும் பின்னும் தள்ளுகிற இன்றைய ஒலிபெருக்கிக்கு உருவம் கொடுத்தவர்கள் ரைஸ், கெல்லாக் என்ற இரண்டு அமெரிக்கர்கள், வருஷம் 1925. பிறகு பிரிக்ஸ் என்று ஓர் ஆங்கிலேயர் வந்தார். ஜவுளி வியாபாரத்தில் இருந்தவர். 1932-இல் யார்க்ஷயரில் வார்ஃப்டேல் ஒலிபெருக்கித் தொழிலை ஆரம்பித்தார். 1954-இல் லண்டனில் ராயல் பெஸ்டிவல் ஹாலையும், மறுவருஷம் நியூயார்க்கில் கார்னகி ஹாலையும் பிடித்து, மேடையில் வாத்தியக்காரர்களையும் உட்காரவைத்து, பதிவையும் அசலையும் மாறி மாறிக் கேட்கச் செய்தார். துணிந்தவர் என்றே சொல்லவேண்டும்.

எங்கள் பேட்டைக்காரர்கள் ஒலிபெருக்கியைப் பரிச்சயம் செய்துகொண்டது வேறு விதம். 1907-இல் விபின் சந்திர பாலர் கடற்கரை மணலில் பேசியபோது மைக்கு ஏது? தொண்டையும் கடற்காற்றும் மல்லுக்கு நின்றிருக்கும். 1924-இல் கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியில் சென்னையில் ரேடியோ கிளப் தோன்றி ஒலிபரப்பத் தொடங்கியது. மூன்று வருஷத்தில் பணமுடையால் மூச்சு நின்றது. சாதனங்களை நகரசபையிடம் ஒப்படைத்தார்கள். நகரசபை 1930 ஏப்ரல் முதல் தானே ஒலிபரப்பை நடத்தியது. 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய ரேடியோ நிலையம் சென்னையில் திறக்கப்படும்வரை அது நடந்தது. ரேடியோப் பெட்டி வாங்க எத்தனை பேருக்கு முடியும்? ஆகவே மெரீனாவிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். வக்கீலும் வண்டிக்காரரும் ஒரே மணலில் உட்கார்ந்து ஒரே பாட்டைக் கேட்கலாம். தகரக் குரலாகத்தான் இருந்திருக்கும். கண்ணை மூடிக்கொள் என்று யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

மாடி அறைக்கு வருவோம். "நாகஸ்வரம் ஏதாவது போடுங்களேன்" என்றேன். கடைக்காரர் சற்றுத் தயங்கி, ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைத் தேடிப் போட்டார். அந்தக் காலத்துப் பழைய தட்டின் கீறல்களை அந்தப் பெட்டிகள் எவ்வளவு விசுவாசமாக ஒலித்தன! "பழைய பதிவு, ஸார்" என்று மன்னிப்புக் கேட்கிற மாதிரி சொன்னார். என் வரையில் கீறலுக்குப் பின்னால் தோடி இருந்தது. அதற்கு இத்தனை லட்சம் வேண்டியிருக்கவில்லை.

பிறகு புதிய பதிவு ஒன்று. சுத்தமான ஒலி, தவில் நெஞ்சில் வந்து இடித்தது. நாற்காலியைச் சுவரோரம் நகர்த்தினேன், இடி இரட்டிப்பாயிற்று. அதில் மாயமில்லை. விநாடிக்கு 40 முறை அதிரும் மந்தர ஒலியின் அலைநீளம் சுமார் 28 அடி. அறையோ 15 அடி. போக இடமில்லாத ஒலி சுவரோரம் குவிகிறது. நாகஸ்வரம் அசலில் எவ்வளவு உரக்க ஒலிக்குமோ அவ்வளவுக்கு வைத்திருந்தால் பன்னிரண்டு பேரும் படியிறங்கி ஓடியிருப்போம். ஆகவே கடைக்காரர் ஒலியைக் குறைத்தே வைத்திருந்தார்.

திரும்பும்போது இருட்டிவிட்டது. மாட வீதியில் பார்த்தசாரதிப் பெருமாள் புறப்பாடு. முதலில் எங்கோ அடுத்த வீதியிலிருந்து, வீடுகளில் பட்டுத் திரும்பி வருகிற ஒலிதான் வந்தது. திருப்பம் திரும்பியதும் நாகஸ்வரம் நேரே நெற்றியில் அடித்தது. தீவட்டி தாண்டியது, பெருமாள் தாண்டினார், கடைசியில் தவில் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தது. ஓரமாக ஒதுங்கிக் கன்னத்தில் போட்டுக்கொண்ட நண்பர், கூட்டம் கலைந்ததும் மெதுவாகச் சொன்னார்: "தவணையில் தருவார்களாம்."