எடையிலிருந்து எண்ணுக்கு: 'மோல்' அலகின் வரலாறும் வகுப்பறைத் தடுமாற்றமும்

ஆய்வுச் சுருக்கம்

வேதியியல் பாடத்தில் மோல் கணக்குகள் மாணவருக்குக் கடினமாக இருப்பதற்குக் கணக்கறிவுக் குறையைக் காரணமாகச் சொல்வது வழக்கம். ஆனால் மோல் எடையாகப் பிறந்து, ஒரு நூற்றாண்டுக்கும் மேலான மாற்றங்களுக்குப் பின் எண்ணாக வரையறுக்கப்பட்ட அலகு. இக்கட்டுரை அந்த மாற்றத்தின் படிநிலைகளைத் தொடர்ந்து, வகுப்பறைத் தடுமாற்றத்தின் வேர் அங்கே இருப்பதைக் காட்ட முயல்கிறது.

1. சிக்கல்

9 கிராம் நீரில் எத்தனை மூலக்கூறுகள் உள்ளன? மேல்நிலை வகுப்பு மாணவர் இதை இரண்டு படிகளில் போடுவார். 9-ஐ நீரின் மோலார் நிறையான 18-ஆல் வகுத்தால் 0.5 மோல். அதை 6.022 × 10²³-ஆல் பெருக்கினால் 3.011 × 10²³ மூலக்கூறுகள். விடை சரி. ஆனால் மோல் என்பது எடையா, எண்ணா என்று அதே மாணவரைக் கேட்டால் தயங்குவார். அவர் எளிதில் கடந்துவிட்ட அந்த இரண்டு படிகளும் வெவ்வேறு காலத்தவை.

2. ஒன்பதா, பதினெட்டா?

முதல் படிக்கு 18 என்ற எண் வேண்டும். 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அதில் உடன்பாடு இல்லை. 1808-இல் தம் நூலின் முதல் பகுதியை வெளியிட்ட ஜான் டால்டன், ஒரு ஹைட்ரஜன் அணுவும் ஓர் ஆக்சிஜன் அணுவும் சேர்ந்தது நீர் என்று கொண்டார். இரண்டு தனிமங்கள் ஒரே ஒரு சேர்மத்தைத் தந்தால் ஒன்றுக்கு ஒன்று என்ற எளிய சேர்க்கையையே கொள்ளலாம் என்பது அவர் விதி. நீரில் ஹைட்ரஜனைப் போல் எட்டு மடங்கு எடை ஆக்சிஜன் உள்ளது. ஆகவே ஹைட்ரஜன் 1 என்றால், டால்டன் வழியில் ஆக்சிஜன் 8, நீர் 9. அந்தக் கணக்கில் நம் 9 கிராம் நீர் அரைப் பங்கு அல்ல, முழுப் பங்கு.

1811-இல் அமெடியோ அவகாட்ரோ, ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம பருமனுள்ள வாயுக்களில் சம எண்ணிக்கையில் மூலக்கூறுகள் இருக்கும் என்றார். இரு பங்கு ஹைட்ரஜன் வாயு ஒரு பங்கு ஆக்சிஜனோடு சேர்வதால், நீரில் ஹைட்ரஜன் அணு இரண்டு. ஆக்சிஜன் 16, நீர் 18. இக்கருத்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு புறக்கணிக்கப்பட்டது. பலர் அணு எடையை விட்டு, சோதனையில் நேரே கிடைக்கும் சமான எடைகளைப் பற்றிக்கொண்டனர்.

1860 செப்டம்பரில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் கூடிய வேதியியலாளர் மாநாடு இக்குழப்பத்தைத் தீர்க்கவே கூட்டப்பட்டது. முடிவு எதுவும் எட்டப்படவில்லை. ஆனால் இத்தாலியரான ஸ்தனிஸ்லாவோ கன்னிசாரோ அவகாட்ரோ கருத்தைக் கொண்டு அணு எடைகளைச் சீர்செய்து 1858-இல் எழுதிய சிறுநூல் அங்கே வந்தவர்களுக்கு வழங்கப்பட்டது. ஊர் திரும்பிப் படித்தவர்களின் வழியே 18 நிலைபெற்றது. அவகாட்ரோ இறந்து அப்போது நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. இன்று அவர் பெயரால் வழங்கும் எண்ணை அவர் கணக்கிட்டதே இல்லை.

3. அணுவை ஏற்காதவர் வைத்த பெயர்

'மோல்' என்ற சொல்லை 1890-களின் தொடக்கத்தில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் லைப்சிக் பேராசிரியர் வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட். ஒரு பொருளின் மூலக்கூறு எடையைக் கிராமில் எழுதினால் அது ஒரு மோல். நீருக்கு 18 கிராம், அவ்வளவே. அதில் எத்தனை துகள்கள் என்ற கேள்விக்கே இடமில்லை. அணுக்கள் உண்மையில் இருக்கின்றன என்பதை அன்று ஆஸ்ட்வால்ட் ஏற்கவில்லை. எல்லாவற்றையும் ஆற்றலின் வழியே விளக்கிவிடலாம் என்று நம்பினார். துகள்களை எண்ணுவதற்கான அலகாக இன்று கற்பிக்கப்படும் மோல், துகள்களையே ஐயுற்றவரிடமிருந்து எடையாக வந்தது.

4. எண் நுழைதல்

1865-இல் வியன்னாவின் யோசப் லோஷ்மிட் காற்று மூலக்கூறின் அளவை மதிப்பிட்டு, எண்ணிக்கைக்கு வழி திறந்தார். உறுதியான எண் 1908–09-இல் ஜான் பெரின் பாரிசில் செய்த சோதனைகளில் வந்தது. மரப்பிசினின் நுண்துகள்களை நீரில் மிதக்கவிட்டு, ஒவ்வோர் உயரத்திலும் எத்தனை துகள்கள் உள்ளன என்று நுண்ணோக்கியில் எண்ணினார். மேலே போகப் போகக் காற்று அடர்த்தி குறைவதுபோலவே துகள்களும் குறைந்தன. அந்தக் குறைவிலிருந்து ஒரு கிராம் மூலக்கூறில் சுமார் 7 × 10²³ மூலக்கூறுகள் என்று கணித்து, அதற்கு அவகாட்ரோ பெயரைச் சூட்டினார். ஆஸ்ட்வால்டும் 1909-இல் அணுக்களை ஏற்றார்.

5. அலகாதல்

ஆக்சிஜனுக்கு ஐசோடோப்புகள் உண்டென 1929-இல் தெரிந்தபின், அணு எடைகளுக்கு அளவுகோலாக இருந்த '16' என்ற ஒரே எண்ணை இயற்பியலாளர் ஆக்சிஜன்-16 ஐசோடோப்புக்கும் வேதியியலாளர் இயற்கை ஆக்சிஜன் கலவைக்கும் என இரு பொருளில் ஆண்டனர். 1960–61-இல் இரு தரப்பும் கார்பன்-12-க்கு மாறின. 1971-இல் மோல் பன்னாட்டு முறையின் அடிப்படை அலகாயிற்று: 12 கிராம் கார்பன்-12-இல் எத்தனை அணுக்களோ அத்தனை துகள்கள். எண்ணிக்கை வந்துவிட்டது, ஆனால் அது எடையின் முதுகில் ஏறி வந்தது.

அந்தப் பிணைப்பை அறுக்க ஏறக்குறைய ஒரு கிலோ எடையுள்ள சிலிக்கன்-28 கோளங்கள் உதவின. படிகத்தில் எட்டு அணுக்கள் கொண்ட கட்டத்தின் பருமனையும் கோளத்தின் பருமனையும் அளந்து, வகுத்து எட்டால் பெருக்கினால், அணுக்களின் தொகை கிடைத்துவிடும். 2018 நவம்பரில் முடிவாகி 2019 மே 20 முதல் நடைமுறைக்கு வந்த வரையறையின்படி, ஒரு மோல் என்பது சரியாக 6.02214076 × 10²³ துகள்கள். கார்பன்-12-இன் மோலார் நிறை இப்போது வரையறையால் 12 கிராம் அல்ல, அளந்து பெறுவது. வேறுபாடு நூறு கோடியில் ஒரு பங்கு அளவே என்பதால் வகுப்பறைக் கணக்குகள் மாறவில்லை.

6. வகுப்பறைக்கு

பழைய தமிழ் முகத்தல் வாய்ப்பாட்டில் 360 நெல் ஒரு செவிடு, ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு. எண்ணில் தொடங்கி அளவுக்குப் போகும் வழி அது. மோல் வந்த வழி நேரெதிர்: ஆழாக்கு முதலில் வந்தது, அதில் எத்தனை நெல் என்பது பின்னர் தெரிந்தது. பாடத்தில் மோல் அளப்பது 'பொருளின் அளவு' எனப்படுகிறது. 'அளவு' என்ற சொல் எடை, பருமன், எண்ணிக்கை எல்லாவற்றுக்கும் பொதுவானதால் மயக்கம் இன்னும் கூடுகிறது.

இன்றைய பாடம் 2019-இன் எண்ணைச் சொல்லிவிட்டு, ஆஸ்ட்வால்டின் எடையால் கணக்குப் போடச் சொல்கிறது. 'நீர் ஒன்பதா, பதினெட்டா' என்ற கேள்வியில் தொடங்கினால், வகுக்கும் எண் எங்கிருந்து வந்தது என்பது முதலில் விளங்கும். பெருக்கும் எண் தனியே, பின்னர் வரலாம். 18-ஆல் வகுப்பது கன்னிசாரோவின் படி, 6.022 × 10²³-ஆல் பெருக்குவது பெரினின் படி. மாணவர் ஒரே வரியில் எழுதிவிடும் அந்த இரண்டுக்கும் இடையே வேதியியல் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் எடுத்துக்கொண்டது.