உடைந்த பாகமும் ஒரு சுவடிதான்

பொத்துவிலுக்கு வடக்கே கிடக்கும் கரையோர ஊர் கோமாரி. உப்புக் காற்று வீசும் இந்தக் கரையில் இரும்புக்கு ஆயுள் குறைவு. மூடி வைத்த வண்டியின் அடித்தட்டையும் துரு மெல்லத் தின்றுவிடும். அப்படியிருக்க, எண்பது வருடங்களுக்கு முன் யுத்தத்துக்கெனச் செய்த ஒரு ஜீப் இலங்கையில் இன்னும் ஓடுமானால், அதற்குக் காரணம் அதைச் செய்த தொழிற்சாலையா, செப்பனிட்ட கையா? இன்று அதைச் சற்று எண்ணிப் பார்ப்போம், நேயர்களே.

1941 முதல் 1945 வரை வில்லிஸ், போர்ட் என்ற இரு அமெரிக்க நிறுவனங்கள் 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. வடிவமைப்பு ஒன்றே. ஆகவே ஒன்றின் பாகம் பெரும்பாலும் மற்றதற்கும் பொருந்தும். 1942 ஏப்ரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் கண்டிக்கு வந்தது. படை வாகனங்கள் நம் வீதிகளுக்குப் பழகிப்போயின. யுத்தம் முடிந்து படைகள் போயின. வண்டிகள் சில தங்கின.

அவற்றோடு ஒரு தொல்லையும் தங்கிற்று. அமெரிக்க ஜீப்பின் ஆணிப்புரி 60 பாகைக் கோணம். பிரித்தானிய லொறியின் விட்வர்த் புரியோ 55 பாகை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஒன்றை மற்றதில் முறுக்கினால் புரி அழிந்துவிடும். நேச நாடுகள் ஒன்றாய் நின்று போரிட்டன; அவற்றின் ஆணிகள் மட்டும் ஒன்றுசேரவில்லை. பட்டறிந்த பின், 1948 நவம்பர் 18ஆம் திகதி அமெரிக்காவும் பிரித்தானியாவும் கனடாவும் வாஷிங்டனில் கூடி ஒரே புரிக்கு உடன்பட்டன. அது 60 பாகைப் புரி. ஜீப் பிழைத்தது. பழைய பிரித்தானிய லொறிக்கோ ஆணி தேடும் பாடு வருடா வருடம் வளர்ந்தது.

1970களில் இறக்குமதி இறுகியிருந்தபோது உதிரிப்பாகம் குதிரைக்கொம்பு. கொழும்பில் பழைய உதிரிகளுக்குப் பேர்போன இடம் பஞ்சிகாவத்தை. அங்கும் இல்லையென்றால் லேத் பட்டறைதான் கதி.

வரைபடம் கையில் இல்லாத பாஸுக்கு உடைந்த பாகமே பாடநூல். சாதாரணப் பல்லுச் சக்கரமானால் பற்களை எண்ணி, இரண்டைக் கூட்டி, வெளிவிட்டத்தின் அங்குல அளவால் வகுப்பார். பல்லின் கணக்கு வந்துவிடும். வார்ப்பு வேலையானால், பழையதை அப்படியே மணலில் பதித்து அச்செடுக்க முடியாது. உருகிய இரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் சுருங்கும். அச்சை அந்த அளவுக்குப் பெருப்பிக்க வேண்டும்.

இதிலும் கடினமானது ஒன்றுண்டு. தேய்ந்த பாகத்தைப் பார்த்து அப்படியே செய்தால், தேய்மானமும் சேர்ந்தல்லவா புதியதில் வந்துவிடும்? ஆகவே உராய்வு படாத ஓரத்தைத் தேடி, அங்கே அளந்து, பிறந்தபோது அது எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்க வேண்டும். வரலாறு எழுதுகிறவனுக்கும் இதுதானே வேலை!

ஆனால் ஊகம் செல்லாத இடமும் உண்டு. ஸ்டியரிங்கிலும் பிறேக்கிலும் அளவு மட்டும் சரியாயிருந்தால் போதாது; உருக்கின் தரமும், அதைச் சூடாக்கிப் பதப்படுத்திய விதமும் பிழைத்தால் உயிர் போகும். எதைத் தன் கையால் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று அறிந்தவரே நல்ல பாஸ்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. அந்த ஐந்து வருடங்கள், உள்ளதைக் காப்பாற்றும் கையின் பெறுமதியை நமக்கு நினைவூட்டின. அந்தக் கைக்குப் பின் அதைப் பழக எத்தனை இளைஞர் முன்வருவர் என்பதே கவலை.

தொழிற்சாலை ஜீப்பை ஒருமுறைதான் செய்தது. பட்டறை அதைத் திரும்பத் திரும்பச் செய்திருக்கிறது. ஆகவே, வீட்டு மூலையில் கிடக்கும் உடைந்த பாகத்தைப் பழைய இரும்புக்காரருக்கு நிறுத்துக் கொடுக்க முன்னர் ஒருமுறை யோசியுங்கள். அந்த வண்டிக்கு மிஞ்சியிருக்கும் ஒரே வரைபடம் அதுவாகவும் இருக்கலாம்.