கைரேகைச் சட்டம்: செயலும் இல்லை, மனமும் இல்லை!

ஒருவரைக் குற்றவாளி என்று சொல்ல இரண்டு விஷயங்கள் வேண்டும். ஒன்று செயல், இன்னொன்று மனம். சட்டப் புத்தகங்களில் ஆக்டஸ் ரியஸ், மென்ஸ் ரியா என்று லத்தீனில் இருக்கும். பற்று, வரவு மாதிரிதான். ஒரு பக்கம் மட்டும் இருந்தால் கணக்கு நேராகாது.

மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் ஒருவர் தன்னுடையது என்று நினைத்து அடுத்தவர் பையைத் தூக்கிக்கொண்டு போகிறார். செயல் இருக்கிறது, கெட்ட எண்ணம் இல்லை. இன்னொருவர் அதே பையை எடுக்கலாமா என்று யோசித்துவிட்டு, பேசாமல் பஸ் ஏறிவிடுகிறார். எண்ணம் இருந்தது, செயல் இல்லை. இருவருமே திருடர்கள் அல்ல. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம், பிரிவு 378இல், திருட்டுக்கு இரண்டையும் கேட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் இரண்டையும் கேட்கிறது.

ஆனால் 378ஐ எழுதிய அதே ஆங்கில அரசு, 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தது. அது செயலையும் கேட்கவில்லை, மனத்தையும் கேட்கவில்லை. எந்தக் கூட்டத்தில் பிறந்தாய் என்று மட்டும் கேட்டது!

1911இல் இந்தச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு சமூகம் வழக்கமாகக் குற்றம் செய்கிறது என்று அரசு நம்பினால் போதும், அறிவிப்பு வந்துவிடும். அந்த அறிவிப்பு சரியா என்று எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது. மதுரை வட்டாரப் பிரமலைக் கள்ளர்கள் 1914 தொடங்கி 1918க்குள் இந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். கைரேகை பதிய வேண்டும். பதிந்தவர்கள் இரவில் போலீஸ் கண்ணெதிரே படுக்க வேண்டும். வெளியூர் போக அனுமதிச் சீட்டு வேண்டும். திருடப் போகிறவர் போல ஓர் இடத்தில் தென்பட்டார் என்று கோர்ட் கருதினாலே மூன்று ஆண்டு வரை சிறை.

அந்தக் கூட்டத்தில் திருடியவரே இல்லையா என்று கேட்கலாம். இருந்திருக்கலாம். அவரைத் தண்டிக்க 378 இருந்ததே! புதுச் சட்டம் பிடித்தது திருடாதவரைத்தான்.

உசிலம்பட்டி பக்கம் பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. 16 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் மாயக்காள் என்ற பெண். காயம்பட்டவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோனவர் என்று ஊர் இன்றும் சொல்கிறது. இறந்தவர்களின் நினைவாக அங்கே ஒரு தூண் நிற்கிறது.

மதுரையில் வக்கீலாக இருந்த ஜார்ஜ் ஜோசப் இந்த மக்களுக்காக வாதாடினார். அவரை அவர்கள் அன்போடு 'ரோசாப்பூ துரை' என்று அழைத்தார்கள். முத்துராமலிங்கத் தேவர் உட்படப் பலர் போராடினார்கள். 1947இல் சென்னை மாகாணத்தில் சட்டம் ஒழிந்தது. 1952இல் நாடு முழுவதும் ஒழிந்தது.

செயல், மனம் என்ற இரண்டு வார்த்தைகளும் பரீட்சைக்கு மனப்பாடம் செய்ய மட்டும் அல்ல. என்ன செய்தார், என்ன நினைத்துச் செய்தார் என்ற இரண்டு கேள்விகளையும் சட்டம் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு மதுரைச் சீமையே சாட்சி.