லாக் இன்: ஒரு மரக்கட்டையின் கதை

போன மாதம் அப்பாவின் ஓய்வூதியக் கணக்கைப் பார்க்கக் கணினி முன் உட்கார்ந்தோம். திரையில் 'உள்நுழை' என்றிருந்தது. "எதுக்குள்ள நுழையறது?" என்றார். ஆங்கிலப் பக்கத்துக்கு மாற்றினேன். லாக் இன். "லாக்னா பூட்டுதானே?"

தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் இந்த லாக் பூட்டு அல்ல, மரக்கட்டை.

நடுக்கடலில் கப்பல் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஆங்கிலேய மாலுமிகளின் முறையை 1574இல் வில்லியம் போர்ன் எழுதிவைத்தார். கயிற்றில் கட்டிய ஒரு கட்டையைக் கடலில் போடுவார்கள். கட்டை ஏறக்குறைய நின்ற இடத்திலேயே மிதக்கும், கப்பல் விலகிப்போகும், கயிறு ஓடும். பின்னாளில் கயிற்றில் 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. 28 விநாடி மணற்கடிகாரம். மணல் தீர்வதற்குள் எத்தனை முடிச்சு கையைக் கடந்ததோ அத்தனை 'நாட்' வேகம். கப்பல் வேகத்தை இன்றும் முடிச்சில்தானே சொல்கிறோம்!

அந்த எண்ணை எழுதிய நோட்டு லாக் புக். வேகம் மட்டுமா, காற்று, திசை, யார் செத்தார் என்பதுவரை அதில் ஏறியது. 19ஆம் நூற்றாண்டில் லாக் என்பதே 'பதிவேட்டில் எழுது' என்ற வினைச்சொல்லாகிவிட்டது.

1961இல் அமெரிக்காவின் எம்ஐடியில் ஒரே கணினியைப் பலர் பங்கிட்டுக்கொள்ளும் சிடிஎஸ்எஸ் என்ற ஏற்பாடு வந்தது. யார் எவ்வளவு நேரம் எடுத்தார் என்று கணக்கு வேண்டுமே? அங்கே 'லாகின்' ஒரு கட்டளை. நுழைவதைவிட, பேரேட்டில் பேர் எழுதுவதுதான் அதன் வேலை. ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர் தன் பங்கு நேரம் போதாமல் 1962இல் எல்லோருடைய கடவுச்சொற்களையும் அச்செடுத்துக்கொண்டார். பல காலம் கழித்து அவரே ஒப்புக்கொண்டது.

1969 அக்டோபர் 29 இரவு, லாஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழகத்திலிருந்து சார்லி கிளைன் என்ற மாணவர், இன்றைய இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டில், ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனத்தின் கணினிக்கு இதே சொல்லைத்தான் தட்டினார். எல், ஓ. இரண்டு எழுத்து போனதும் எதிர்முனை படுத்துவிட்டது. ஒரு மணி நேரம் கழித்துத்தான் முழுதாக நுழைந்தார்கள்.

அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. ஒருமுறை இரவு ஷிப்ட் முழுக்க வேலை பார்த்தும் வருகைப் பதிவேட்டில் பேர் விடுபட்டு, ஒரு நாள் கூலி போயிற்று. "நோட்டுல இல்லேன்னா நீ வரவே இல்ல, அவ்வளவுதான்" என்று இப்போதும் சொல்வார். 'உள்நுழை'யில் இந்த நோட்டு காணாமல் போய்விடுகிறது. தமிழ் விக்கிப்பீடியாவில் 'புகுபதிகை' என்று வைத்தார்கள். கொஞ்சம் கரடுமுரடுதான், ஆனால் பதிவு அதற்குள் இருக்கிறது. எனக்கு அதுவே பிடிக்கும்.

அப்பாவிடம் அந்தச் சொல்லைச் சொன்னேன். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரையருகே குனிந்தார்.

"அப்ப கையெழுத்து எங்க போடணும்?"