தொழுநோயும் மட்டக்களப்புப் பெண்களும்: வாழைச்சேனைப் பிரதேசத்தை முன்வைத்து ஒரு நோக்கு

தொழுநோயை மறைத்து வாழ்ந்த பெண்களை அறியாமை மிக்கோர் என மதிப்பிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. வரலாற்று நோக்கில் இம்மதிப்பீடு நிலைநிற்குமா என்பதே இங்கு நாம் எழுப்பும் வினா. தமிழரும் முஸ்லிம்களும் அருகருகே வாழும் வாழைச்சேனை, ஓட்டமாவடி உள்ளிட்ட மட்டக்களப்புப் பிரதேசம் இவ்வினாவை ஆராய்வதற்குப் பொருத்தமான களமாகும்.

இலங்கையில் தொழுநோயாளரை ஒதுக்கிவைக்கும் நிறுவனங்கள் அந்நிய ஆட்சியோடு வந்தவை. ஒல்லாந்தர் 1708 இல் கொழும்புக்கு வடக்கே ஹெந்தலையில் தொழுநோயாளர் விடுதியை அமைத்தனர். பிரித்தானியர் 1901 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் மூலம் தனிமைப்படுத்தலைச் சட்டபூர்வமாக்கினர். பின்னர் மட்டக்களப்பு வாவியிலுள்ள மாந்தீவிலும் தொழுநோய் வைத்தியசாலை ஒன்று தோன்றியது. நாற்புறமும் நீர் சூழ்ந்த அத்தீவுக்கு நோயாளர் தோணியில் கொண்டுசெல்லப்பட்டனர். நோர்வே நாட்டவரான ஹன்சன் 1873 இலேயே இந்நோய்க் கிருமியைக் கண்டறிந்திருந்தார். எனினும், பயனுள்ள மருந்துகள் 1940 களிலேயே கிட்டின. இடைப்பட்ட காலத்தில் நோயை வெளிப்படுத்திய பெண்ணுக்கு அரசு அளித்தது பிரிவையே; குணத்தை அன்று.

இப்பின்னணியிலேயே நம்பிக்கைகளின் தொழிற்பாட்டை நோக்குதல் வேண்டும். 'பெருவியாதி' முற்பிறவி வினையின் பயன் என்ற கருத்து நோயாளியையே குற்றவாளியாக்கியது. தெய்வக் குற்றம், செய்வினை என்னும் விளக்கங்களோ பரிகாரத்துக்கு இடமளித்தன. வைகாசியில் கண்ணகி அம்மனுக்கு நிகழும் குளிர்த்திச் சடங்கு, வெம்மையைத் தணித்து நோய் நீக்கும் என்பது இப்பிரதேச மக்களின் நம்பிக்கை. இந்துப் பெண் அம்மனுக்கு நேர்த்தி வைத்தாள். முஸ்லிம் பெண் தர்காவில் நேர்ச்சை செய்தாள். இருவரும் பரிகாரியை நாடினர். இவை நோயை நீக்கவில்லை. ஆயினும், நோயுற்றவளை வீட்டிலும் ஊரிலும் வைத்திருக்க உதவின. உணர்வற்ற வெளிறிய படையைத் 'தேமல்' எனக் கூறிக்கொள்வதும் இத்தகையதே.

இங்கு மட்டக்களப்பின் தாய்வழிச் சமூக அமைப்புச் சிறப்பான கவனத்துக்குரியது. தமிழர், முஸ்லிம்கள் ஆகிய இரு சாராரிடையேயும் குடி தாய்வழியே தொடர்கிறது; வீடு சீதனமாக மகளைச் சேர்கிறது; கணவனே மனைவியின் வீட்டுக்கு வருகிறான். ஆகவே, நோயுற்ற பெண்ணைக் கணவன் வீட்டார் வெளியேற்றுதல் இங்கு எளிதன்று. தாயும் சகோதரிகளும் அயலிலேயே உள்ளனர். ஆயின், இவ்வுறவே மௌனத்தையும் கோரியது. ஒருத்தியின் நோய் வெளிப்படின் அவள் மகளின், தங்கையின் திருமணம் தடைப்படும் என்ற அச்சம் வீட்டினுள்ளேயே இருந்தது. அவளுக்கு இடம் தந்த வீடே அவளது நோயையும் பூட்டிவைத்தது எனலாம்.

இம்மௌனத்தின் விலையை அவளது உடலே செலுத்தியது. உணர்விழந்த விரல்கள் அடுப்பங்கரையில் சுடுபட்டும் அறியா. காயம் புண்ணாகி ஊனமாகிறது. பல கூட்டு மருந்துச் சிகிச்சை 1983 இல் இலங்கையில் அறிமுகமானது. 1995 இல், பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து தொழுநோய் தேசிய மட்டத்தில் நீக்கப்பட்டது. சிகிச்சை தொடங்கியதும் தொற்றும் தன்மை விரைவில் அற்றுப்போவதால், ஒதுக்கிவைத்தலுக்கு மருத்துவ நியாயம் எதுவும் எஞ்சவில்லை. எனினும், கிழக்கு மாகாணத்தில் புதிய நோயாளர் அதன் பின்னரும் கண்டறியப்பட்டே வந்துள்ளனர்.

மருந்து மாறிய வேகத்தில் அச்சம் மாறுவதில்லை. தீவுக்கு அனுப்பிய சட்டத்தின் நினைவு, வினைக் கோட்பாட்டைப் போலவே தலைமுறை கடந்து நிற்கக்கூடியது. எனவே, பெண்களின் மறைப்பை மூடநம்பிக்கை என்ற ஒரு சொல்லால் விளக்கி அமைதல் போதாது. நோயை வெளிப்படுத்துபவள் தன் வீட்டையும் மகளின் வாழ்வையும் இழக்கமாட்டாள் என்ற உறுதியைச் சமுதாயம் முதலில் அளித்தல் வேண்டும். அவ்வுறுதி இல்லாதவிடத்து அறிவுரை கூறும் தகுதி நமக்கில்லை.